மினியாபோலிஸில் ஸ்நோ ப்ளோயர் மக்கர், ஆள் பள்ளத்தூரில்: சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

பள்ளத்தூரான் | வியாழன், காலை 6:20

ஓடு மாற்றுவது, சுண்ணாம்புப் பூச்சு உதிர்வது, ஆத்தங்குடிக் கல் பெயர்வது என்றுதான் இந்த இணைய மன்றத்தில் பேசுவோம். நான் கேட்கப்போவது பனி பற்றி. சிரிக்காமல் படியுங்கள்.

பிள்ளையார் நோன்புக்கும், இந்த மழையில் ஒழுகிய வீட்டின் இரண்டாம் கட்டைப் பார்க்கவும் காரைக்குடி பக்கம் பள்ளத்தூருக்கு அப்பச்சியிடம் வந்திருக்கிறேன். மனைவியும் பத்தாவது படிக்கிற மகனும் அமெரிக்காவில், மினியாபோலிஸில். அங்கே இப்போது புதன் இரவு ஏழு மணி ஆகப்போகிறது. மதியத்திலிருந்து எட்டு அங்குலம் கொட்டி இப்போதுதான் ஓய்கிறதாம். பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் வீட்டு முன் நடைபாதையைச் சுத்தம் செய்தாக வேண்டும், அது அந்த ஊர்ச் சட்டம்.

மெஷின், அதாவது பனியை அள்ளி ஓரமாக வீசும் ஸ்நோ ப்ளோயர், 24 அங்குல டூ ஸ்டேஜ், 208 சி.சி. பெட்ரோல். ஆறு வருடத்துக்கு முன் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. கடைசியாக ஓட்டியது மார்ச்சில். இப்போது சோக் முழுதாகப் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது. பாதி சோக்கில் ரேஸ் ஏறுகிறது, இறங்குகிறது, ஊளை விடுகிறது. மனைவி வீடியோ அனுப்பியிருக்கிறார்கள்.

காரைக்குடியில் இவ்வளவு மெக்கானிக் இருக்கும்போது அமெரிக்காவில் ஆள் தேடுவானேன் என்று இங்கே கேட்கிறேன். இதை வைத்து மாரடிக்கலாமா, புதிது வாங்கிவிடலாமா?

தேவகோட்டை ரஸ்தா | வியாழன், காலை 6:41

நோன்புக்கு நூல் இழை எடுக்க வந்தவர் முந்திக்கொண்டு இங்கே ஒரு பேச்சு இழை போட்டுவிட்டார். பத்தாவது படிக்கிற பையன் இருக்கிறான் என்கிறீர்கள். ஒரு மண்வெட்டியைக் கையில் கொடுங்கள், ஒரு மணி நேர வேலை. எங்கள் வீட்டில் ஐப்பசி மழை முடிந்தால் வளவில் இறங்கின சேற்றை நாங்களே தள்ளவில்லையா?

கோட்டையூர் ஆச்சி | வியாழன், காலை 6:58

ரஸ்தா, கணக்குப் போட்டுவிட்டுப் பேசு. முப்பது வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள், சும்மா இருக்க முடியவில்லை.

டிரைவ்வே, அதாவது வீட்டுக்குக் கார் வரும் பாதை, 5 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம் என்று வை. 60 சதுர மீட்டர். எட்டு அங்குலம் என்பது 20 சென்டிமீட்டர். ஆக 12 கன மீட்டர் பனி. புதிதாக விழுந்த உலர்பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று எடுத்துக்கொண்டால் 1,200 கிலோ. அதே பனி ஈரமாக இருந்தால் 300 கிலோவுக்குப் போகும், அப்போது 3,600 கிலோ. இதை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வீச வேண்டும், அதுவும் குளிரில் இரத்தக் குழாய் சுருங்கியிருக்கும் நேரத்தில். பனி வாரும்போது மாரடைப்பு வருவது அங்கே எல்லோருக்கும் தெரிந்த அபாயம். பையன் சமாளிப்பான், சரி. ஐம்பதைத் தாண்டின நம் ஆட்கள் வீம்புக்குக் கையில் எடுக்கக் கூடாது.

புதுவயல் மில்லுக்காரர் | வியாழன், காலை 7:02

ஆச்சி கணக்கை நம் பாஷையில் சொன்னால் 75 கிலோ நெல் மூட்டை பதினாறு. ஈரப்பனி என்றால் நாற்பத்தெட்டு. லோடுமேன்கூட நாற்பத்தெட்டுக்குத் தனிக் கூலி கேட்பான்.

செக்காலை மெக்கானிக் | வியாழன், காலை 7:10

அண்ணே வணக்கம். பனியைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் நீங்கள் சொன்ன ஊளையை வாரத்துக்கு நாலு தடவை கேட்கிறேன். தைப்பொங்கலுக்கு வீடு சுத்தம் பண்ண வருகிறவர்கள் பிரஷ் கட்டரை எடுத்து வருவார்கள். போன வருடப் பெட்ரோல் அப்படியே உள்ளே இருக்கும். "நல்லாத்தான் வச்சிட்டுப் போனேன்" என்பார்கள். நல்லா வைத்ததுதான் தப்பு.

சோக் என்பது காற்றை அடைப்பது. காற்றை அடைத்தால் ஓடுகிறது, திறந்தால் நிற்கிறது என்றால் பெட்ரோல் போதவில்லை. பிளக் நன்றாக இருக்கிறது, கம்ப்ரஷன் இருக்கிறது, இல்லையென்றால் ஸ்டார்ட்டே ஆகாது. அந்த இரண்டையும் மறந்துவிடுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளை, மெயின் ஜெட், அடைப்பு என்று முக்கால்வாசி சொல்லிவிடுவேன்.

முதலில் காசில்லாத சோதனை ஒன்று. டேங்க் மூடியை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் நன்றாக ஓடினால் மூடியில் உள்ள காற்று ஓட்டைதான் அடைத்திருக்கிறது, வேலை முடிந்தது.

இன்னொன்று: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? ஆயில் தனியாக ஊற்றுகிற இடம் இருக்கிறதா?

பள்ளத்தூரான் | வியாழன், காலை 7:18

ஃபோர் ஸ்ட்ரோக், தம்பி. ஆயில் தனி. 5டபிள்யூ-30 ஊற்றுவேன், குளிரில் கெட்டியாகாமல் இருக்க. பெட்ரோல் மார்ச்சில் பாதி டேங்க் இருந்தது, அதன்மேலேயே புதிது ஊற்றியிருக்கிறார்கள். மனைவியையே இங்கே வரச் சொல்லிவிட்டேன், நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தால் ஆகாது.

வளவுக் கோலம் | வியாழன், காலை 7:44

வணக்கம், நான்தான் அந்த வீட்டுக்காரி. மூடியைத் திறந்து பார்த்தாயிற்று, மாற்றமில்லை. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை போய்விட்டது. பிறகுதான் மகன் பக்கத்தில் ஒரு கரண்ட் ஸ்டார்ட்டர் இருப்பதைக் கண்டுபிடித்தான். வீட்டுக் கரண்டில் வயர் சொருகிப் பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிறது. இவுக ஆறு வருடமாக இதை எங்களுக்குச் சொல்லவே இல்லை!

வெளியே மைனஸ் 12. கதவு திறந்த கராஜில் நிற்கிறோம். அடுத்து என்ன செய்ய?

செக்காலை மெக்கானிக் | வியாழன், காலை 7:52

அக்கா, கராஜுக்குள் என்ஜினை ஓட்டவே ஓட்டாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் சரி. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். பெட்ரோலைத் திறக்கும்போது பக்கத்தில் வாட்டர் ஹீட்டர் மாதிரி எதிலும் நெருப்பு எரியக் கூடாது. சாவியை எடுங்கள், பிளக் வயரைக் கழற்றி ஓரமாக வையுங்கள். என்ஜின் ஆறட்டும்.

கார்புரேட்டர் மேல் ஒரு தகரமோ பிளாஸ்டிக்கோ மூடியிருக்கும். சோக் திருகு அதில் இருந்தால் பிடுங்கிவிட்டு மூடியை எடுங்கள். பெட்ரோல் குழாய் வருகிற இடத்தில் ஒரு அடைப்பான் இருக்கும், அதை மூடுங்கள். கார்புரேட்டருக்கு அடியில் ஒரு கிண்ணம், நடுவில் ஒரு போல்ட், பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனர் சேரும். கீழே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை வைத்து போல்ட்டைக் கழற்றுங்கள். வருகிற பெட்ரோலை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், விளக்கு என்றால் டார்ச். அதை முகர்ந்தும் பாருங்கள்.

மகனிடம் ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். நான் இன்னும் அப்படித்தான் செய்கிறேன்.

கண்டனூர் டு ராச்செஸ்டர் | வியாழன், காலை 8:05

நான் மினசோட்டாவில்தான், மினியாபோலிஸிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவு. கிளம்பி வரலாமென்றால் சாலை மோசம்.

ஒரு விஷயம். பனி மெஷின் கார்புரேட்டரில் ஏர் ஃபில்டர் தேடாதீர்கள், பெரும்பாலும் இருக்காது. பனித்தூள் ஃபில்டரில் ஒட்டி உறைந்து அடைத்துவிடும் என்பதால் வைப்பதில்லை, பனிக்காலத்தில் தூசி ஏது? மெக்கானிக் தம்பி அதைக் காணோமென்று பயப்படப் போகிறாரே என்றுதான் சொல்கிறேன்.

பெட்ரோல் பற்றி: இங்கே சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் போய் உட்காரும். மார்ச் முதல் டிசம்பர் வரை அதற்கு ஒன்பது மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார் அண்ணன். மினசோட்டாவில் எத்தனால் கலக்காத 91 ஆக்டேன் பிரீமியம் சில பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும், சின்ன என்ஜின்களுக்கு என்றே அனுமதித்தது. விலை கூடுதல்தான், ஆனால் ஒரு சீசனுக்கு எத்தனை லிட்டர் செலவாகப்போகிறது?

செக்காலை மெக்கானிக் | வியாழன், காலை 8:11

அங்கே பத்துதானே, கொடுத்து வைத்தவர்கள். நம் ஊர் பங்கில் இப்போது இருபது சதவீதம். பிரஷ் கட்டர், மருந்து அடிக்கும் ஸ்ப்ரேயர் எல்லாவற்றிலும் கார்புரேட்டருக்குள் இருக்கும் டயஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வு விறைத்துப் போய் வருகிறது. நான் வாடிக்கைக்காரர்களிடம் சொல்வது ஒன்றுதான்: வாரத்தில் தீர்கிற அளவு வாங்குங்கள், கேனில் பெட்ரோல் சேர்த்து வைக்கிற பழக்கம் வேண்டாம்.

வளவுக் கோலம் | வியாழன், காலை 8:49

கிண்ணத்தில் வந்தது மேலே மஞ்சள், அடியில் எண்ணெயில் தண்ணீர் விட்ட மாதிரி உருண்டை உருண்டையாக. வாசனை வார்னிஷ். கிண்ணத்தின் அடியில் பச்சையாக ஒரு பாசி.

செக்காலை மெக்கானிக் | வியாழன், காலை 8:55

அதுதான். டேங்க் முழுவதையும் காலி பண்ணுங்கள், மேலே ஊற்றின புதுப் பெட்ரோலும் கெட்டதுதான். வடித்ததை ஒரு கேனில் தனியாக மூடி வையுங்கள், சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

இப்போது கிண்ணம் இருந்த இடத்தில் நடுவே ஒரு குழாய் இறங்கும். அதற்குள் மேலே பித்தளையில் திருகு மாதிரி ஒன்று. அதுதான் மெயின் ஜெட். பொருத்தமான தட்டை ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகக் கழற்றுங்கள். பித்தளை மெது, வழுக்கினால் தலை தேய்ந்துவிடும். கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் ஊசிமுனை ஓட்டை தெரிய வேண்டும். தெரியாது, பாருங்கள். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, மெல்லிய கம்பியால் குத்துங்கள். ஓட்டையைப் பெரிதாக்கிவிடக் கூடாது. ஊசி, டிரில் பிட் கூடவே கூடாது. ஸ்ப்ரே அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அது எதிர்ப்பக்கம் பீய்ச்சும்.

வளவுக் கோலம் | வியாழன், காலை 9:36

மகன் கிட்டார் முதல் கம்பி ஒன்று பழையது வைத்திருந்தான். அதை விட்டோம். முதலில் போகவே இல்லை. ஸ்ப்ரே அடித்துப் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் திரும்ப விட்டதும் உள்ளே போனது. இப்போது ஓட்டையில் டார்ச் வெளிச்சம் வட்டமாகத் தெரிகிறது. மகளுக்குக் காது குத்தினபோதுகூட இவ்வளவு சந்தோஷப்படவில்லை.

வளவுக் கோலம் | வியாழன், காலை 10:22

ஓடுகிறது!! சோக் முழுக்க எடுத்துவிட்டும் சீராக ஓடுகிறது. மணி இரவு பதினொன்று ஆகப்போகிறது, பக்கத்து வீட்டார் திட்டுவார்கள் என்று அணைத்துவிட்டோம். காலையில் தள்ளுகிறோம். எல்லோருக்கும் நன்றி, தம்பிக்கு ஒரு சீப்பு சீயம் கடன்.

தேவகோட்டை ரஸ்தா | வியாழன், காலை 10:30

சீயத்தைச் சீப்புக் கணக்கில் யார் கொடுக்கிறார்கள்? அக்காவுக்குத் தூக்கக் கலக்கம். சரி, இழையை மூடலாமா?

பள்ளத்தூரான் | வியாழன், மாலை 6:55

மூட வேண்டாம். அங்கே காலை ஏழரை. மெஷினைக் கொண்டுபோய் டிரைவ்வேயில் விட்டிருக்கிறான் மகன். பாதி தூரம் அருமையாக வீசியிருக்கிறது. பக்கவாசல் அருகே போனதும் "டக்" என்று ஒரு சத்தம். என்ஜின் ஓடுகிறது, முன்னால் பனியை இழுக்கும் இரண்டு திருகுகளில் இடது பக்கத் திருகு மட்டும் சுற்றவில்லை. பார்த்தால், போன தடவை காரைக்குடியிலிருந்து நான் ஆசையாக வாங்கிப்போன தேங்காய்நார் கால்மிதி. பனிக்கடியில் கிடந்திருக்கிறது. இப்போது திருகைச் சுற்றிக் கயிறாகக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

கண்டனூர் டு ராச்செஸ்டர் | வியாழன், மாலை 7:01

முதலில் கையை உள்ளே விட வேண்டாமென்று போன் போட்டுச் சொல்லுங்கள், உடனே!

இங்கே ஒவ்வொரு பனிக்காலமும் விரல் போகிறவர்கள் இருக்கிறார்கள். என்ஜினை அணைத்த பிறகும் பெல்ட்டில் இழுவிசை கொஞ்சம் தங்கியிருக்கும். அடைப்பை விடுவித்த நொடியில் உள்ளே இருக்கும் இறக்கை அரைச் சுற்று சுற்றும், விரலுக்கு அது போதும். அணைத்து, சாவி எடுத்து, பிளக் வயர் கழற்றி, எல்லாம் அசைவற்று நின்ற பிறகு, மெஷின் மேல் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் கரண்டியாலோ குச்சியாலோதான் எடுக்க வேண்டும். நாரை வெட்டக் கம்பி வெட்டும் குறடு நல்லது.

புதுவயல் மில்லுக்காரர் | வியாழன், மாலை 7:15

இப்போதுதான் எனக்குத் தெரிந்த இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். வீடியோ பார்த்தேன். இது நம் மில்லில் இருக்கிற ஸ்க்ரூ கன்வேயர்தான், வேறொன்றுமில்லை. முன்னால் இரண்டு பக்கமும் எதிரெதிர்ச் சுழி, பனியை நடுவுக்கு இழுக்கிறது. நடுவில் பின்னால் ஒரு ப்ளோயர் இறக்கை, அது அள்ளிக் குழாய் வழியே வீசுகிறது. இழுப்பது ஒன்று, வீசுவது ஒன்று, அதனால்தான் டூ ஸ்டேஜ் என்கிறார்கள் போல.

ஒரு பக்கம் மட்டும் சுற்றவில்லை என்றால் ஷியர் பின் உடைந்திருக்கிறது. உடைந்தது நல்லது. திருகையும் நடுத் தண்டையும் சேர்த்துப் பிடிக்கிற சின்ன போல்ட் அது, வேண்டுமென்றே மெதுவான இரும்பில் செய்வார்கள். கல்லோ கால்மிதியோ மாட்டினால் பின் உடையும், கியர் பாக்ஸ் தப்பும்.

பள்ளத்தூரான் | வியாழன், மாலை 7:31

மகன் கராஜில் அதே நீளத்தில் ஒரு ஸ்டீல் போல்ட் கண்டுபிடித்துவிட்டானாம். தலையில் 8.8 என்று எழுதியிருக்கிறது. இன்றைக்கு மட்டும் அதைப் போட்டு ஓட்டலாமா? கடை திறக்க இன்னும் நேரமிருக்கிறது, பள்ளிக்கூடம் வேறு இரண்டு மணி நேரம் தாமதமாகத்தான்.

புதுவயல் மில்லுக்காரர் | வியாழன், மாலை 7:38

போடவே கூடாது. 8.8 என்றால் கெட்டி போல்ட்.

எங்கள் மில்லில் நடந்ததைச் சொல்கிறேன். அறுவடை நேரம், வாசலில் வண்டி நிற்கிறது. கன்வேயர் பின் இரண்டு நாளில் மூன்று தடவை உடைந்தது. ஆபரேட்டர் எரிச்சலில் நல்ல கெட்டி போல்ட்டாகப் பார்த்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். மறுபடி ஒரு சாக்குத் துணி உள்ளே போனது. இந்தத் தடவை பின் உடையவில்லை. உள்ளே கியர் பல் சிதறிப்போயிற்று. பின் விலை அன்றைக்கு ஒரு காபிக் காசு. கியர் பாக்ஸ் மாற்றி ஓட்ட நான்கு நாள், அதுவரைக்கும் நெல் மழையில். பின் ஏன் மூன்று தடவை உடைந்தது என்று யாருமே பார்க்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சாக்குத் தைக்கிற இடத்திலிருந்து துணித் துண்டு விழுந்துகொண்டே இருந்திருக்கிறது.

அந்த மாடலுக்கு உரிய பின்னை வாங்குங்கள், இரண்டு அல்ல, ஆறு. ஒரு டப்பாவில் போட்டு மெஷின் கைப்பிடியிலேயே கட்டிவிடுங்கள்.

கண்டனூர் டு ராச்செஸ்டர் | வியாழன், மாலை 7:50

மில்லுக்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பின் இல்லாத இந்த நேரத்தில் அந்தத் திருகைக் கையால் (பிளக் வயர் கழற்றிய நிலையில், கையுறை போட்டு) சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தண்டின் மேல் தனியாகச் சுற்ற வேண்டும். சுற்றாமல் துருவேறி ஒட்டியிருந்தால் பின் இருந்தும் பயனில்லை, அடி நேராக கியர் பாக்ஸுக்குத்தான் போகும். அதற்குத்தான் தண்டில் கிரீஸ் அடிக்கும் முனை வைத்திருப்பார்கள். வருடம் ஒரு தடவை பின்னைக் கழற்றி, கிரீஸ் அடித்து, திருகைச் சுற்றிவிட வேண்டும். பழையதாக வாங்கிய மெஷின் என்றால் இதை யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் டயர் காற்றையும் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு இல்லையென்றால் மெஷின் ஒரு பக்கமாக இழுக்கும். கீழே இரண்டு பக்கமும் சறுக்குக் காலணி மாதிரி இரும்பு இருக்கும். அதை வைத்து மெஷின் வாயை சிமென்ட் தரைக்குத் தாழ்வாக, சரளைக்கல் தரைக்கு ஒரு அங்குலம் உயர்த்தி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் கல்லை அள்ளிப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு வீசும்.

வளவுக் கோலம் | வியாழன், இரவு 11:20

பின் வாங்கிப் போட்டாயிற்று. திருகு நல்லவேளையாகச் சுற்றுகிறது. மதியத்துக்குள் எல்லாம் சுத்தம். நடைபாதையும் முடிந்தது.

ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த மெஷின் எனக்கானதில்லை. ஏறக்குறைய நூறு கிலோ இருக்கிறது. நேராகப் போகும்போது தானே போகிறது, திருப்பும்போது நான் ஒரு எருமையைத் திருப்புகிறேன். பனி விழுகிற நாளில் பாதி நாள் இவுக வேலைக்கு வெளியூர். இப்போது பள்ளத்தூர். மெஷின் தேர்ந்தெடுத்தவர் ஓட்டுவதில்லை, ஓட்டுகிறவளை யாரும் கேட்கவில்லை. "புதிது வாங்கலாமா" என்று இழையின் தலைப்பில் இருக்கிறதே, அதற்குப் பதில் சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா | வெள்ளி, காலை 6:10

மெஷினே வேண்டாம், ஒரு ஆளுக்கு மாதக் காசு கொடுத்துவிடுங்கள். லாரி வைத்துத் தள்ளுகிறவர்கள் இருப்பார்களே? நான் இங்கே தென்னை ஏற ஏணி வாங்குவதா என்று யோசித்துவிட்டு ஆளையே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

கண்டனூர் டு ராச்செஸ்டர் | வெள்ளி, காலை 6:35

இருக்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் ஒரே நாளில்தான் பனி விழும். எங்கள் வரிசை வருவதற்குள் நான் ஆபீஸ் கிளம்ப வேண்டும். இரண்டு வருடம் வைத்துப் பார்த்துவிட்டு நிறுத்தினேன். வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு அதுதான் சரி, ரஸ்தா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மெஷின் என்றால், சிங்கிள் ஸ்டேஜ் இலேசு, ஒரு கையால் திருப்பலாம். ரப்பர் துடுப்பு தரையைத் தொட்டு வழிக்கும், தரை பளிச்சென்று வரும். ஆறு, எட்டு அங்குலம் வரை பிரச்சினையில்லை. சரளைத் தரைக்கு ஆகாது. பேட்டரியிலும் நிறைய வந்துவிட்டது, கார்புரேட்டரே இல்லை என்பதால் நேற்றுப் பட்ட பாடு கிடையாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதனால் வீட்டுக்குள் வைத்துவிட்டு ஓட்டும்போது மட்டும் மாட்ட வேண்டும். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடவும் கூடாது.

ஆனால் கடைக்குப் போனால் எல்லோரும் எத்தனை அங்குல அகலம், எத்தனை குதிரைத்திறன் என்றுதான் பேசுவார்கள். நான் முதலில் கேட்பது வேறு: உங்கள் வாசலில் நகராட்சி லாரி எவ்வளவு தள்ளிவிட்டுப் போகிறது? வீட்டுக்கு முன் விழுந்த பனி வேறு, தெருப் பனியை லாரி ஒதுக்கி நம் டிரைவ்வே வாயில் வரப்புக் கட்டிவிட்டுப் போகிறதே, அது வேறு. உப்பும் சேறும் கலந்து ஈரமாக, இரண்டு மணி நேரம் விட்டால் கல்லாக. சிங்கிள் ஸ்டேஜ் அதன்மேல் ஏறிக் குதிக்கும், உள்ளே போகாது. அங்கேதான் டூ ஸ்டேஜின் இரும்புப் பல் வேண்டும்.

1991 ஹாலோவீன் அன்று தொடங்கிய புயலில் மினியாபோலிஸில் 28.4 அங்குலம் விழுந்தது என்று பழைய ஆட்கள் இன்னும் பேசுவார்கள். அப்படி ஒன்று தினமும் வராது. அதற்காக மட்டும் மெஷின் வாங்கினால் மீதி நாளெல்லாம் எருமையைத் திருப்ப வேண்டியதுதான்.

கோட்டையூர் ஆச்சி | வெள்ளி, காலை 7:20

1925இல் கியூபெக்கில் ஆர்தர் சிகார்ட் என்பவர் முதல் ஸ்நோ ப்ளோயரைச் செய்தார் என்று படித்திருக்கிறேன். அறுவடை இயந்திரத்தைப் பார்த்து வந்த யோசனையாம். மில்லுக்காரர் நேற்றே கன்வேயர் என்று சொன்னது அதனால்தான் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை, அம்மா. சாதாரணக் கல்லுப்பு மைனஸ் 9 டிகிரி வரைதான் உருப்படியாக வேலை செய்யும். அதற்குக் கீழே கொட்டக் கொட்ட வீண், சிமென்டுக்கும் கேடு. கால்சியம் குளோரைடு இன்னும் கீழே போகும், மைனஸ் 29 வரை. கடுங்குளிரில் மணல் தூவினால் உருகாது, ஆனால் வழுக்காது.

வளவுக் கோலம் | வெள்ளி, காலை 7:48

ஆச்சி, போன ஜனவரியில் மைனஸ் 20இல் ஒரு மூட்டை உப்பு கொட்டினேன். கோலம் போட்ட மாதிரி அப்படியே இருந்தது.

எங்கள் வாசலில் லாரி நன்றாகவே வரப்புக் கட்டும். முழங்காலுக்கு மேல். அப்படியானால் சிங்கிள் மட்டும் வைத்துச் சமாளிக்க முடியாது, இல்லையா?

கண்டனூர் டு ராச்செஸ்டர் | வெள்ளி, காலை 8:02

முடியாது. பழையதை விற்காதீர்கள், இப்போதுதான் அதைத் தொட்டுப் பழகியிருக்கிறீர்கள். கார்புரேட்டர் இன்னொரு தடவை மக்கர் செய்தால் புதுக் கார்புரேட்டரே இருபது முப்பது டாலருக்கு வரும், புது டூ ஸ்டேஜுக்கோ ஆயிரத்துக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். அதை வரப்புக்கும் பெரும் பனிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், மகனோ அண்ணனோ ஓட்டட்டும். மூன்று நான்கு அங்குல நாட்களுக்கு ஒரு சின்ன பேட்டரி சிங்கிள் ஸ்டேஜ், உங்கள் கைக்கு. கடையில் நீங்களே பிடித்துத் திருப்பிப் பார்த்து எடுங்கள். சீசன் முடியும் ஏப்ரலில் போனால் விலை இறங்கியிருக்கும்.

ஈரப்பனியில் குழாய் அடைத்தால் சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். த்ராட்டிலைக் குறைக்காதீர்கள். பயந்துபோய் மெதுவாக ஓட்டினால்தான் இன்னும் அடைக்கும், முழு வேகத்தில் வைத்து, பாதி அகலம் மட்டும் கடித்து ஓட்ட வேண்டும்.

பள்ளத்தூரான் | வெள்ளி, காலை 8:30

இரண்டு மெஷினா? கராஜில் கார் நிறுத்த வேண்டாமா?

வளவுக் கோலம் | வெள்ளி, காலை 8:33

உங்கள் கார் வெளியே நிற்கலாம். பனி தள்ளத்தான் மெஷின் இருக்கிறதே.

செக்காலை மெக்கானிக் | வெள்ளி, காலை 9:10

அக்கா, மார்ச்சில் செய்ய வேண்டியதை இப்போதே எழுதி மெஷின் மேல் ஒட்டிவிடுங்கள். கடைசிப் பனி முடிந்ததும் டேங்கைக் காலி பண்ணி, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டுங்கள், பிறகு கிண்ணத்து போல்ட்டைத் திறந்து மிச்சத்தையும் வடியுங்கள். டேங்கை நிறைத்து வைக்கத்தான் வேண்டுமென்றால் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து பத்து நிமிடம் ஓட்டுங்கள், அப்போதுதான் அது கார்புரேட்டருக்குள் போய்ச் சேரும். கலந்து அப்படியே மூடிவைத்தால் டேங்க் மட்டும்தான் பிழைக்கும். இதற்கு ஒரு கால் மணி நேரம் ஆகும், அண்ணனுக்கு அதற்கு நேரமிருக்கிறது என்று நினைக்கிறேன்.

பள்ளத்தூரான் | சனி, மாலை 4:15

நோன்புக்கு மாவு இடித்தாயிற்று, ஆவாரம்பூ தேடி ஆள் போயிருக்கிறது. சும்மா இருக்கிற நேரத்தில் பின்கட்டில் முளைத்திருக்கும் புதரை வெட்டலாமென்று இங்கே இருக்கிற பிரஷ் கட்டரை எடுத்தேன். போன பொங்கலுக்கு ஓட்டியது. சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, எடுத்தால் நிற்கிறது.

வளவுக் கோலம் | சனி, மாலை 4:19

😂😂😂

செக்காலை மெக்கானிக் | சனி, மாலை 4:40

திங்கள் காலை ஒன்பது மணிக்குக் கடைக்குக் கொண்டு வாருங்கள் அண்ணே. அதில் டயஃப்ரம், கிட்டார் கம்பி உதவாது.